அலுமினியப் படகும் அவருடைய வலது கையும்

வளைகுடா நாட்டில் ஒரு படகு கட்டும் தளத்தில் அலுமினிய வெல்டராக இருந்த என் கணவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது, எந்நேரமும் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். இத்தனை வருஷம் ஒத்துக்கொண்ட வெயில்தானே என்று நினைத்தேன், கேட்கவில்லை.

நான் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். பகல் முழுக்க அடுத்தவர்கள் கையைப் பிடித்து நரம்பு தேடுவதுதான் என் பிழைப்பு. வீட்டில் ஒரு கை ஒளிந்துகொண்டிருந்தால் எத்தனை நாளைக்குத் தெரியாமல் இருக்கும்? ஒரு காலையில் காப்பித் தம்ளரை அவர் இடது கையால் வாங்கினார். வலது கை மடியில் கிடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி சுற்றுவதுபோலத் தானாக உரசிக்கொண்டிருந்தன.

"எப்பம் இருந்து இப்படி?" என்றேன்.

"குளிருக்கு ஆடுது."

அது சித்திரை மாதம்.

திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் போனோம். அவரை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்து போகப்போக எறும்பு மாதிரிச் சிறுத்துவிட்டது. நடுக்குவாதம் என்றார் டாக்டர். குணமாகாது, மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம். திரும்பும் பஸ் ஆலங்குளம் தாண்டியது. நான் தின்று முடித்த கடலைப் பொட்டலத்தின் தாளை அவர் வாங்கி, மடியில் வைத்து நடுவில் மடித்தார்.

"ஒரு படகு கட்டணும்," என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மூக்கு கூரா இருக்கணும். பின்னால போகப்போக அடி தட்டையா வரணும். வேகம் எடுத்தா முன்பாதி தண்ணிய விட்டு எந்திரிச்சிரும். பின்னால கொஞ்சூண்டு இடந்தான் தண்ணில தொடும். இத்தன வருசம் அடுத்தவன் வரைஞ்சதையே ஒட்டிக்கிட்டு இருந்தேன். எனக்குன்னு ஒண்ணு வேணும்."

பக்கத்து வீட்டில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும் வாசலிலேயே நின்று சத்தம் போட்டார். "ஏலே, கடல் தூத்துக்குடில கெடக்கு. நீ இங்கன மலைக்கு அடியில உக்காந்து கப்பல் கட்டுதியா? உடம்புக்கு முடியாதவன் செய்யுத வேலையா இது?"

"கப்பல் இல்ல. படகு," என்றார் இவர்.

அண்ணன் திட்டிக்கொண்டேதான் மாடு விற்றபின் காலியாகக் கிடந்த தன் தொழுவத்தை ஒழித்துக்கொடுத்தார்.

தகடுகள் ஆரியங்காவு வழியாக ஒரு மினி லாரியில் வந்தன. கொண்டுவந்தவர் புனலூர்க்காரர். அதே படகுத் தளத்தில் இவருக்குக் கீழே வேலை பழகியவர், இப்போது கொல்லம் பக்கம் காயலில் விசைப்படகு ஓட்டுகிறார். இவரை 'ஆசானே' என்றுதான் கூப்பிடுவார். ஹல்லை, அதாவது எஞ்சின் இல்லாத படகின் உடலை, இவர் முடித்துக்கொடுத்தால் எஞ்சின் தன் பொறுப்பு என்று சொல்லியிருந்தார். தகட்டை இறக்கும்போதே அவர் பார்வை இவருடைய கையில் போய் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முதல் ஒன்றரை மாதம் வேலை நன்றாகவே போனது. தகட்டை வெட்டுவதற்கும் வளைப்பதற்கும் கை ஆடினால் பாதகமில்லை. விலா எலும்புகள் மாதிரிக் குறுக்குச் சட்டங்களைக் கவிழ்த்து வரிசையாக நிறுத்தி, மேலே அடித்தகடுகளைப் போர்த்தி, அங்கங்கே புள்ளி வைத்து ஒட்டினார். படகின் உருவம் தெரிய ஆரம்பித்தது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் மெலிந்திருந்தாலும் நன்றாகச் சாப்பிட்டார். எனக்கும் படகின்மேல் ஆசை வந்துவிட்டது.

ஆனியில் சாரல் தொடங்கியது. குற்றாலம் போகும் ரோடு முழுக்க வேன்கள், ஈரத்துண்டு கட்டிய ஆட்கள், நேந்திரம் சிப்ஸ் வாசனை. ஊரே கொண்டாடுகிற அந்தக் காற்றுதான் அலுமினிய வெல்டிங்குக்கு எமன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உருகும் இடத்தில் காற்றுப் படாமல் இருக்க ஆர்கான் வாயு ஒரு போர்வை மாதிரி மூடி நிற்க வேண்டும். சாரல் காற்று அந்தப் போர்வையை உருவி எறிந்துவிடும். ஈரம் உள்ளே போனால் ஒட்டு முழுக்க ஊசித்துளை. தொழுவத்தைத் தார்ப்பாயால் சுற்றி அடைத்தோம். உள்ளே வேக்காடு தாங்காது. ஒவ்வொரு தகட்டையும் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சூடுகாட்டித்தான் ஆரம்பிக்க முடியும்.

ஆனால் சாரலை அடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தது பொய். வெல்டிங் டார்ச்சின் நுனியில் இருக்கும் டங்ஸ்டன் ஊசி, உருகிய அலுமினியத்துக்கு மேலே ஒரு நெல் அளவு உயரத்தில் ஆடாமல் போக வேண்டும். அவர் கையில் அது குத்திக் குத்தி எழுந்தது. ஒவ்வொரு குத்துக்கும் ஒட்டு கறுத்தது. ஊசியைத் தீட்டி மாட்டுவார், மறுபடியும் குத்தும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டார்ச்சைத் தார்ப்பாயில் வீசி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

"நீ ஊசி குத்துதப்போ ஒங்கை ஆடுமா?" என்று கேட்டார்.

"ஆடுனா எவன் கை நீட்டுவான்?"

"அப்பம் இதப் பிடி."

அப்படித்தான் நான் வெல்டிங் பழகினேன். ஞாயிறுகளிலும் வேலை விட்டு வந்தபின்பும் கழிவுத் துண்டுகளில் கோடு கோடாகப் போட்டுப் பார்த்தேன். ஓட்டை விழுந்தது, மலை மலையாகக் குவிந்தது. வலது கையில் டார்ச், இடது கையில் உருகிச் சேரும் கம்பி, காலடியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெடல். ஒருநாள் முகமூடியை இறக்காமல் பெடலை மிதித்துவிட்டேன். சாயங்காலம் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல எரிந்தது. மறுநாள் வேலைக்குப் போக முடியவில்லை. அவர் வெள்ளரிக்காய் நறுக்கிக் கண்ணில் வைத்தார். துண்டுகள் தடி தடியாக, ஒன்றுக்கொன்று சேராமல் இருந்தன.

ஐப்பசி வாக்கில் எனக்கு ஒட்டு பிடிபட்டது. உருகிய இடம் கண்ணாடி மாதிரி மினுங்கும்போது கம்பியைத் தொட வேண்டும், கொஞ்சம் நகர வேண்டும், மறுபடி தொட வேண்டும். சட்டங்களை நானே ஒட்ட ஆரம்பித்தேன். அவர் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இன்னொரு முகமூடி வழியாகப் பார்த்துக்கொண்டே என் தோளில் கை வைத்துச் சொல்லிக்கொடுப்பார். மெதுவா. இப்பம் போ. சூடு கூடுது, காலை எடு.

அந்தக் கையின் நடுக்கம் என் தோள் வழியாக இறங்கி டார்ச்சுக்கு வந்தது. இரண்டு தடவை ஊசி குத்திவிட்டது. மூன்றாவது தடவை, முகமூடிக்குள் இருந்தபடியே, "கைய எடுங்க," என்றேன்.

எடுத்துவிட்டார். கோபப்படவில்லை. அதற்குப் பிறகு வேலை செய்யும்போது என் தோளில் அவர் கை வைத்ததே இல்லை. நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த இடம் அன்று சாயங்காலம் வரை குளிர்ந்து கிடந்தது.

ஒரே ஒரு ஒட்டை மட்டும் அவர் தனக்கென்று வைத்திருந்தார். இரண்டு அடித்தகடுகளும் படகின் நட்டநடுவில் மூக்கிலிருந்து பின்சுவர் வரை சேரும் நீள ஒட்டு. வேகத்தில் அலை அடிக்கிற அடியெல்லாம் அங்கேதான் விழும். "அது நான்," என்று சொல்லிவிட்டார். காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் கொஞ்ச நேரம் கை அடங்கும். அந்த நேரத்துக்காகக் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வந்தார். அண்ணனும் வந்து நின்றார்.

முதல் முழம் அப்படி ஒரு ஒட்டு. நாணயங்களைச் சாய்த்து அடுக்கியது மாதிரி ஒரே அளவில் வந்தது. அண்ணன் வாயைப் பிளந்து பார்த்தார். எனக்கு அப்படி வராது, இனிமேலும் வராது. பாதியைத் தாண்டுமுன் மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டது. முதலில் ஒரு குத்து, அப்புறம் இன்னொன்று. அவர் நிறுத்தவில்லை. ஒட்டு வழிந்து, பிளந்து, கறுத்துக்கொண்டே போயிற்று. அண்ணன் என் பக்கம் திரும்பி, "நிப்பாட்டச் சொல்லு," என்றார். நான் மெஷினை அணைத்தேன்.

அவர் முகமூடியைக் கழற்றவில்லை. உள்ளிருந்தே, "அரைச்சிப் போடு. மொத்தத்தையும்," என்றார்.

"முதல்ல போட்டது நல்லா இருக்கே. அது கெடக்கட்டும்."

"ஒரு ஒட்டுல ரெண்டு கை வேண்டாம்."

கிரைண்டரை எடுத்து நான்தான் அரைத்தேன். அவர் தொழுவத்துக்கு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அண்ணன் அவர் பக்கத்திலேயே குத்தவைத்தார். கிரைண்டர் சத்தம் ஓய்ந்தபோது அண்ணன் மூக்குச் சிந்துவது கேட்டது. மறுநாளிலிருந்து அந்த ஒட்டை நான் போட்டேன்.

கவிழ்த்துக் கட்டிய படகை நிமிர்த்தி வைத்தபின் ஓட்டைப் பரிசோதனை. வெளிப்பக்கம் ஒட்டுகளின்மேல் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்பக்கம் டீசல் தடவ வேண்டும். ஊசித்துளை இருந்தால் சுண்ணாம்பில் கறை எழும். பின்சுவர் ஓரத்தில் இரண்டு கறை தெரிந்தது. அரைத்து மறுபடி ஒட்டினேன். நடு ஒட்டில் கறையில்லை. அவர் படகுக்கு அடியில் படுத்துக்கொண்டு, விரலால் அந்த ஒட்டை மூக்கிலிருந்து கடைசி வரை தடவிப் பார்த்தார்.

மார்கழியில் மழை விட்டதும், சுந்தரபாண்டியபுரம் தாண்டி நிரம்பிக் கிடந்த ஒரு குளத்துக்குப் படகைக் கொண்டுபோனோம். அங்கே மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு எடுத்தவர் அண்ணனுக்குப் பழக்கம். புனலூர்க்காரர் எஞ்சினோடு வந்து மாட்டினார். காற்று இருந்தது, தண்ணீரில் சின்னச் சின்ன அலை. படகைக் கரையோரம் மிதக்கவிட்டு, "ஆசானே, கேறிக்கோ," என்று அவர் கை நீட்டினார்.

இவர் சேறு வரைக்கும் நடந்தார். அங்கே நின்றுவிட்டார். ஒரு கால் முன்னால் போக வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கால் தரையை விட்டு எழும்பவில்லை. பாதம் சேற்றில் ஒட்டிவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். ஒட்டவில்லை. முழங்கால் மட்டும் வெடவெடவென்று ஆடியது. இப்படி ஒருநாள் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், இந்த நாளில் வந்தது. அண்ணன், "தூக்கி வச்சிருதேன்," என்று இடுப்பைப் பிடித்தார்.

"தொடாத." அவர் குரல் அப்போதே தணிந்துவிட்டிருந்தது. என்னைப் பார்த்தார். "நீ ஏறு."

"நீங்க இல்லாம நான் எதுக்கு?"

"ஏறுட்டி. நடுவுல தண்ணி வருதான்னு பாரு."

ஏறினேன். எஞ்சின் உறுமியதும் மூக்கு வானத்தைப் பார்த்தது, நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பஸ்ஸில் அவர் சொன்னது நடந்தது. மூக்கு தாழ்ந்து, மொத்தப் படகும் தண்ணீரை விட்டு எழுந்ததுபோல் லேசானது. காலுக்கடியில் அலைகள் கல் மாதிரி அடித்தன. ஒவ்வொரு அடிக்கும் நான் நடு ஒட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புனலூர்க்காரர் மலையாளத்தில் கத்திச் சிரித்தார். திரும்பும் வளைவில் கரை தெரிந்தது. இவர் அதே சேற்றில் அதே நிலையில் நின்றார். அண்ணன் தள்ளி நின்று கண்ணைத் துடைத்தார்.

இறங்கியதும், "தண்ணி வந்துச்சா?" என்று கேட்டார்.

"ஒரு சொட்டு இல்ல."

தலையை ஆட்டினார். சந்தோஷப்பட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். அந்த நோய் முகத்தையும் இறுக்கிவிடும், ஒன்றும் தெரியவில்லை.

படகு அன்றே புனலூருக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் அதை வைத்து என்ன செய்ய? டாக்டரே எதிர்பார்க்காத வேகத்தில் இவர் அடுத்த மழைக்குள் கட்டிலோடு கிடையானார். இப்போது விழுங்குவது சிரமம், கஞ்சியைக் கெட்டியாக்கித்தான் கொடுக்கிறேன். குரல் மூச்சளவுக்குப் போய்விட்டது. காலையில் வேலைக்குப் போகும்போது அண்ணனை உட்காரவைத்துவிட்டுப் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை புனலூர்க்காரர் போனில் ஒரு வீடியோ அனுப்பினார். கொல்லத்தில் ஏதோ போட்டி. எங்கள் படகு இரண்டு படகுகளுக்குப் பின்னால் மூன்றாவதாகப் பாய்ந்து வருகிறது. போனை இவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். வீடியோ முடியும்வரை பார்த்தார். உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோனேன், பிடிபடவில்லை. இன்னொரு முறை சொன்னார், அப்போதும் இல்லை. மூன்றாம் தடவை சொல்ல அவருக்கு மூச்சில்லை.

"ஆமா," என்றேன். என்னவென்று தெரியாமல்தான் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கஞ்சி எடுத்துவரப் போனேன்.