இலவச டப்பா

அறுபதுகளில் நான் தேவனாம்பட்டினத்தில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். பால் பவுடர் கம்பெனி வேனில் ஒருவர் வருவார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. எந்தக் குழந்தையைக் கண்டாலும் கன்னத்தைத் தட்டிக் கொஞ்சுவார். கொழுகொழு குழந்தையின் படத்தைக் காட்டி, ஆளுக்கொரு டப்பா இலவசமாகத் தருவார்.

தாய்மார்கள் பால் கொடுப்பதை நிறுத்தினார்கள். டப்பா தீர்ந்தபோது மார்பும் வற்றியிருந்தது. காசு கொடுத்து வாங்கிய அடுத்த டப்பா சீக்கிரம் தீராமலிருக்க, பவுடரைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுத்தார்கள். இரண்டு குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்தன.

அடுத்த முறை வந்தவரை மறித்தேன்.

"உங்க வூட்டுக் கொழந்தைக்கும் இதான் குடுக்குறீங்களா?"

"எங்க வூட்ல தாய்ப்பால்தாம்மா. அதான ஒடம்புக்கு நல்லது," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

டப்பாவைப் பிடுங்கி மணலில் எறிந்தேன். அவர் அதை எடுத்துத் துடைத்து, அங்கு நின்ற கர்ப்பிணியிடம் சிரித்தபடி நீட்டினார். என்னை முறைத்துக்கொண்டே அவள் வாங்கிக்கொண்டாள்.