பல்லூத்தை

அக்காவின் மகள் வெளிநாட்டில் படிக்கிறாள். மெக்சிக்கோப் பக்கம் முற்காலத்தில் வாழ்ந்த மாயா மக்கள் எந்தப் பயிர்களைச் சாப்பிட்டார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கருகிய சோளம் மண்ணுக்குள் அப்படியே கிடக்குமாம். மரவள்ளிக் கிழங்கோ உக்கிப்போய்விடும். அதனால் அந்தக் காலத்து மனிதரின் பற்களில் படிந்த ஊத்தையைச் சுரண்டி, நுணுக்குக்காட்டியில் கிழங்கின் மாவைத் தேடுகிறார்கள்.

லீவில் மன்னாருக்கு வந்தவள் என்னிடம் கேட்டாள்.

"சின்னம்மா, உங்கடை பல்லிலை கொஞ்சம் சுரண்ட விடுவீங்களோ? மரவள்ளி சாப்பிடுற ஆளின்ரை ஊத்தையிலை அந்த மா நிக்குதோ எண்டு பாக்கோணும். அப்பதான் அந்தக் காலத்துப் பல்லிலை காணுறதை நம்பலாம்."

வாரத்தில் பாதி நாள் எங்களுக்கு அவித்த மரவள்ளியும் சம்பலும்தான். "ஓம் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வா" என்றேன்.

அவள் போன பிறகுதான் யோசனை பிடித்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அங்கே படித்த ஆட்கள் என் பல்லூத்தையைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். இவளுடைய சொந்தக்காரர் பல்லும் விளக்காத சனமோ என்று நினைத்தால்? கண்ணாடியில் பார்த்தேன். கீழ்ப்பல்லின் உட்பக்கம் முழுக்க மஞ்சளாகக் கட்டியிருந்தது. சனிக்கிழமை டவுனுக்குப் போய்ப் பல் டொக்டரிடம் சுத்தம் செய்துகொண்டு வந்தேன்.

"கலியாணத்துக்குக்கூட நீ இப்பிடி மினுக்கேல்லை" என்றார் என் மனிசன்.

ஞாயிற்றுக்கிழமை என் வாய்க்குள் டோர்ச் அடித்தவள் அப்படியே நின்றாள்.

"சின்னம்மா, என்ன செய்தனீங்கள்?"

"கிளீன் பண்ணினனான்."

"அந்த ஊத்தைக்குத்தானே நான் வந்தனான்."

"தெரியும் பிள்ளை. கொஞ்சம் பாக்கக்கூடியதா இருக்கட்டும் எண்டு..."

அவள் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கதிரையில் உட்கார்ந்து, மரவள்ளி சாப்பிடுகிற வேறு யாராவது உண்டா என்று கேட்டாள். மனிசனுக்குக் கட்டுப்பல். அயலில் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரும்பவும் என் வாயைத் திறக்கச் சொல்லித் தேடினாள். ஊத்தை கொஞ்சமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று மாதாவை மன்றாடினேன். கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்னால் ஒரு பொட்டு அகப்பட்டது.

அந்தப் பொட்டு சோதனைக்குப் போதவில்லை என்று பிறகு போன் எடுத்துச் சொன்னாள். "அடுத்த முறை வரேக்கை எடுப்பம் சின்னம்மா. அதுக்குள்ளை டொக்டரிட்டைப் போகாதேங்கோ."

இப்போது பல் விளக்கும்போது உட்பக்கம் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன். கோயிலில் பாட்டுப் படிக்கும்போது வாயை அதிகம் திறப்பதில்லை.