ஆறாவது மெத்தை

‘மறைத்து எடுத்துச் செல்லப்படும் எப்பொருளையும் தவறாது கண்டறியும் ஆற்றல் படைத்தவர். பத்தொன்பது ஆண்டுப் பணிக்காலத்தில் இவரது பார்வைக்குத் தப்பிக் கூர்மையான பொருள் ஒன்றேனும் கப்பலேறியதில்லை.’

துறைமுகத்தின் பயணியர் கூடத்தில் பைகளைச் சோதிக்கும் இயந்திரத்தின் முன்னால் உட்காரும் ஒரு பெண்மணிக்குக் கொடுத்த பாராட்டுச் சான்றிதழில் இப்படி அச்சிட்டிருக்கிறது. கண்ணாடிச் சட்டம், கீழே பெரிய அதிகாரியின் கையெழுத்து. அந்தச் சட்டத்தைச் சுவரில் மாட்டுவதற்கு அவள் ஒரு வாரம் ஆணி தேடினாள். ஆணி டப்பா சாப்பாட்டு மேஜையின் நடுவில், அவள் தட்டுக்கு எதிரிலேயே இருந்தது. எட்டாம் நாள் எடுத்துக் கொடுத்தவர் கணவர்.

வேலையிடத்தில் அவளுக்குக் கழுகம்மா என்று பெயர். கேலி பாதி, மரியாதை பாதி. சோப்புக்குள் சொருகிய பிளேடு, குழந்தையின் பால் டப்பாவுக்குள் பேனாக்கத்தி, எதுவும் அவளைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் சான்றிதழ் எழுதியவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவள் திரையை அரைக்கண்ணால்தான் பார்ப்பாள். முழுக்கண்ணும் பைக்காரர் முகத்தில். ஒளித்து வைத்தவன் ஒளித்த இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பார்ப்பான் என்பது அவள் பத்தொன்பது வருடத்தில் கற்ற ஒரே பாடம். முகம் சொன்ன பிறகு திரையைப் பார்த்தால், திரையும் ஆமாம் என்று சொல்லும். முகம் இல்லாத பை அவளுக்கு வெறும் பை.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் கணவர். அவர் சோபா, நாற்காலிகளுக்கு மெத்தை தைப்பவர். இரண்டு தெரு தள்ளிச் சொந்தப் பட்டறை.

பதினேழு வருடம் அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் ஒரே மாதிரிதான் நடந்தது. அவர் ஒரு பரிசு வாங்கி வீட்டுக்குள்ளேயே எங்காவது ஒளித்து வைப்பார். இருபத்தைந்தாம் தேதி மதியச் சாப்பாட்டுக்குள் அவள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மொத்தம் இரண்டே அறை, ஒரு சமையலறை. ஊரையே சல்லடை போட்டுச் சலிக்கிறவளுக்கு இது எம்மாத்திரம் என்று நினைப்பீர்கள். ஒரு வருடம் அவர் பழைய சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, புதிதாக வாங்கியதை அதே ஆணியில் மாட்டினார். மூன்று நாள் அவள் அதில் மணி பார்த்து வேலைக்குப் போய் வந்தாள். நான்காம் நாள் கிறிஸ்துமஸ். வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, “மணி என்னாச்சுங்க?” என்று அவரையே கேட்டாள். அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர் வந்து என்ன விஷயம் என்று விசாரித்தார்.

கடைசியில் எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள். தேடி அல்ல, அவர் முகத்தைப் பார்த்து. அவள் அலமாரிப் பக்கம் போனால் அவருக்குத் தொண்டை கரகரக்கும். சமையலறைக்குப் போனால் செய்தித்தாள் சுவாரசியமாகிவிடும். “நீ தேடலடி, என்னை விசாரணை பண்ற” என்பார்.

அதனால் அவர் ஒரு விதி போட்டார். பரிசை வீட்டுக்குள் கொண்டுவரும் நாளில் வாசலிலிருந்தே குரல் கொடுப்பார்: “சமையக்கட்டுக்குப் போ. திரும்பிப் பாக்காத.” அவள் போய், அடுப்பைப் பார்த்து நின்றுகொள்வாள். இந்த நாள் எப்போதும் ஜூலையில் வரும். செப்டம்பர் பிறந்தால் ஊரிலுள்ள கிழிந்த சோபாக்கள் எல்லாம் கிறிஸ்துமஸுக்குள் புதுசாக வேண்டும் என்று அவர் பட்டறையில் வந்து குவியும். பிறகு அவருக்குக் கடைக்குப் போக ஏது நேரம்?

போன ஜூலையிலும் அந்தக் குரல் கேட்டது. அவள் போய் அடுப்பைப் பார்த்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் தாள் சரசரக்கும் ஓசை. “அழுகுணி ஆட்டம் ஆடாத, திரும்பாத” என்றார். அவள் திரும்பவில்லை.

ஆகஸ்டில் வீட்டுச் சோபாவுக்கு உறை மாற்றித் தைத்தார். உட்கார மூன்று மெத்தை, சாய மூன்று மெத்தை. ஜிப் கிடையாது. ஜிப் வைக்கிறவன் சோம்பேறி என்பது அவர் கட்சி. வளைந்த ஊசியால் உள்ளே நுழைந்து, தையல் வெளியே தெரியாமல் மூடுவார். ஒருமுறை மூடினால் கத்தி வைத்தால்தான் திறக்கும்.

செப்டம்பரில், ஒரு வாடிக்கையாளரின் நாற்காலிக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தபோது, அந்த நாற்காலியின் மீதே சாய்ந்து இறந்துபோனார். மாரடைப்பு. மீதி பட்டன்களை வேறொருவர் வைத்தார். நாற்காலி சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தது.

டிசம்பர் முதல் தேதி கழுகம்மா தேட ஆரம்பித்தாள்.

அது எங்கோ இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. சரசரப்பைக் காதால் கேட்டிருக்கிறாள். மாவு டப்பாவில் கையை விட்டுத் துழாவினாள். குளிர்பெட்டியை நகர்த்தினாள். அவருடைய செருப்பு, சட்டைப் பைகள், மழைக்கோட்டு, சான்றிதழின் பின்பக்கம் எல்லாம் பார்த்தாள். கடிகாரத்தையும் கழற்றிப் பார்த்தாள், அதை மட்டும் எதற்கு விட்டுவைக்க வேண்டும் என்று. வீடு வாய் திறக்கவில்லை. அலமாரிப் பக்கம் போனபோது தொண்டையைச் செருமவும் யாருமில்லை. மிச்சமிருந்தது சோபா ஒன்றுதான்.

கணவரின் அக்கா, அவளுடைய நாத்தனார், வாரத்துக்கு இரண்டு முறை ஃபோன் செய்வார்.

“கிறிஸ்துமஸுக்கு இங்க வந்துடு. தனியா உக்காந்து என்ன பண்ணப் போற?”

“இன்னும் கிடைக்கல அண்ணி.”

“எது?”

“அவர் வாங்கினது.”

“உனக்குப் பைத்தியமா? போன மனுஷன் போயாச்சு. தேடறத விடு.”

“சோபா மட்டும்தான் பாக்கி. கிழிக்க மனசு வரல.”

“கிழிக்காத! என்ன கிடைக்கப் போகுது அதுல? தேடாத, சொல்றதக் கேளு.”

என்ன கல்நெஞ்சு என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஃபோனில் குரல் மட்டும்தான் வருகிறது, முகம் வருவதில்லை.

கிழித்தால் தைக்க ஆள் இல்லை. கிழிக்காவிட்டால் கடைசிப் பரிசு கடைசி வரை கைக்கு வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரம் சோபாவில் உட்காராமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு வேறு யாருக்கும் தோன்ற முடியாத ஒரு யோசனை அவளுக்குத் தோன்றியது. மேற்பார்வையாளரிடம் போய், கிறிஸ்துமஸ் அன்று தான் வேலைக்கு வருவதாகச் சொன்னாள். ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர், துக்கத்தைக் கடமையில் கரைக்கும் உத்தமி என்று அதைப் புரிந்துகொண்டு, கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டார்.

இருபத்தைந்தாம் தேதி காலை, ஒரு டாக்சியின் பின் சீட்டில் ஆறு மெத்தைகளும் முன் சீட்டில் சீருடையோடு கழுகம்மாவும் துறைமுகம் வந்து சேர்ந்தார்கள்.

காலைக் கப்பல் ஒன்று, மாலைக் கப்பல் ஒன்று. நடுவில் கூடத்தில் ஈ, காக்கை கிடையாது. கூரையிலிருந்து ஒரு காகித நட்சத்திரம் தொங்கி, ஏசி காற்றில் பாதி சுற்றி, பாதி திரும்பிக்கொண்டிருந்தது. பைகளை பெல்ட்டில் ஏற்றி இறக்கும் ஆள், அவளைவிடப் பத்து வயது மூத்தவர், மெத்தைகளைப் பார்த்தார்.

“என்ன கழுகம்மா, சோபா எங்க கிளம்பிடுச்சு? டிக்கெட் எடுத்தாச்சா?”

“பேசாம பெல்ட்ட ஓட்டுங்கண்ணே.”

“ஜன்னல் சீட் வேணுமான்னு கேளுங்க.”

அவள் சிரிக்கவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு முதல் மெத்தையை ஏற்றினார்.

துணியும் பஞ்சும் திரையில் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். உலோகம் என்றால் நீலம். முதல் மெத்தை மூலைக்கு மூலை ஒரே ஆரஞ்சு. இரண்டாவதும் அப்படியே. நான்காவதை அவள் திருப்பிப் போட்டு மறுபடி அனுப்பச் சொன்னாள். ஆரஞ்சுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிரில் பார்க்க எந்த முகமும் இல்லாமல், முழுக்கண்ணையும் திரையில் வைத்திருந்தாள். ஐந்திலும் எதுவுமில்லை.

ஆறாவது, அவர் வழக்கமாகச் சாயும் இடது ஓரத்து மெத்தை. அதன் நடுவில், விரல் நீளத்தில், பிறை மாதிரி வளைந்து, ஒரு நீலக் கோடு தெரிந்தது.

பெல்ட்டை நிறுத்தினாள்.

அது என்னவென்று கண்டுபிடிக்க அவளுக்கு யார் முகமும் தேவைப்படவில்லை. ஆகஸ்டில் காணாமல் போன அந்த வளைந்த ஊசிக்காக வீட்டில் மூன்று நாள் சண்டை. “நீதான் கூட்டிப் பெருக்கித் தூக்கிப் போட்டிருப்ப” என்றார். “உங்க ஊசிய வச்சு நான் என்ன பண்ணப் போறேன், ஊறுகாயா போடறது?” என்றாள். வேலையை ஆரம்பிக்கும்போது ஊசிகளை எண்ணி, முடிக்கும்போதும் எண்ணுகிறவர் அவர். மெத்தைக்குள் ஊசியை விட்டுத் தைப்பது அந்தத் தொழிலில் மன்னிக்கக் கூடாத தவறு. உட்காருகிறவர் கதி என்ன ஆகும்? முப்பது வருடத்தில் அவர் ஒரு தடவை கூட அதைச் செய்ததில்லை. இதையும் தெரிந்து செய்யவில்லை. விரல் மரத்தோ, கண் இருண்டோ, ஏதோ ஒரு நொடியில் ஊசி கைநழுவி உள்ளே போனது அவருக்கே தெரியவில்லை.

கழுகம்மா திரையைப் பார்த்தபடியே நாத்தனாருக்கு ஃபோன் செய்தாள்.

“சாப்பிட்டியா மொதல்ல?” என்றார் நாத்தனார்.

“அண்ணி, அவருக்கு ஆகஸ்ட்லயே உடம்பு முடியாம இருந்துச்சா?”

அந்தப் பக்கம் பேரப்பிள்ளைகள் கூச்சல், தட்டுச் சத்தம். ஒரு கதவைச் சாத்தும் ஓசை. சத்தம் நின்றது.

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. மெத்தைக்குள்ள ஊசி இருக்கு.”

தம்பி ஊசி எண்ணும் லட்சணம் அக்காவுக்கும் தெரியும்.

“ஜூலையிலயே டாக்டர்கிட்ட போனான்மா. இதயத்துல அடைப்பு, உடனே ஆபரேஷன் பண்ணணும்னு எழுதிக் குடுத்துட்டாங்க. சீசன் முடியட்டும், கிறிஸ்துமஸ் முடியட்டும், அப்புறம் போய்ப் படுத்துக்கறேன்னான். உன்கிட்ட சொன்னா நீ அன்னைக்கே தரதரன்னு இழுத்துட்டுப் போயிடுவன்னு, என் தலைல அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டான்.”

“சரசரன்னு ஒண்ணு கொண்டு வந்தாரே...”

“அந்தக் கவர்தான். டாக்டர் சீட்டு, படம் எல்லாம் இருந்துச்சு. மறுநாளே எங்கிட்ட கொண்டு வந்து குடுத்துட்டான். என் பீரோவுல இருக்கு. அதுக்குத்தான் தேடாத, தேடாதன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்.”

“எனக்கு வாங்கினது?”

“ஒண்ணும் வாங்கலைம்மா. டிசம்பர்ல பாத்துக்கலாம்னான்.”

நட்சத்திரம் பாதி சுற்றித் திரும்பியது.

“நான் திரும்பிப் பாக்கல அண்ணி” என்றாள்.

“என்ன சொல்ற?”

“சமையக்கட்டுக்குப் போன்னார். போனேன். திரும்பிப் பாக்காதன்னார். பாக்கல. அவர் முகத்த ஒரு தடவ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

நாத்தனார் அழ ஆரம்பித்தார். “நான்தாம்மா பாவி. சொல்லியிருக்கணும்.”

“பசங்க காத்திருக்கும், போய்ச் சாப்பாடு போடுங்க” என்று கழுகம்மா ஃபோனை வைத்துவிட்டாள்.

பெல்ட்காரர் அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுத்தார். அவர் நிற்கும் இடத்திலிருந்து திரை தெரியாது. “ஏதாவது அகப்பட்டுச்சா கழுகம்மா?”

“ஒண்ணுமில்லண்ணே. வெறும் பஞ்சு.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடம் அவளோடு வேலை பார்த்தவருக்கு முகம் பார்க்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. பார்க்காதது போல இருக்கவும் தெரியும். போய் மாலைக் கப்பல் பயணிகள் சாமான் வைக்கும் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

இயந்திரத்துக்குள் போனது எதுவானாலும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது விதி. கூர்மையான பொருள் இருந்தால் வெளியே எடுத்து, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைக்க வேண்டும் என்பதும் விதி. அவள் பதிவேட்டைத் திறந்து, ‘மெத்தை – 6. ஆட்சேபணைக்குரிய பொருள் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாலைக் கப்பல் போனதும், ஊசியைப் பிரித்தெடுக்காமல், ஆறு மெத்தைகளையும் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.