எருமைக்குப் போட்டியாக ஒரு குழி

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, சாரல் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது எங்கள் கல்லூரி வளாகம். அங்கே நான் தாவரவியல் நடத்துகிறேன். அந்த ஒரே தகுதியால் பசுமைக் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர் ஆனேன். "செடி கொடியெல்லாம் ஒங்க டிபார்ட்மென்ட்தானே மேடம், குப்பையும் அதுலதான் வருது" என்றார் முதல்வர். தரச்சான்றுக் குழு ஒன்று சில மாதங்களில் வரவிருந்தது. வளாகத்துக் குப்பை வளாகத்தைத் தாண்டக் கூடாது, அப்படி இருந்தால் மதிப்பெண் அதிகம் என்று ஏதோ ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

பச்சை, நீலம், சிவப்பு என்று தொட்டிகள் வந்து இறங்கின. குப்பைத் தொட்டிக்கு ரிப்பன் வெட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். விழா முடிந்தபோது தெர்மகோல் எழுத்துகள், பிளாஸ்டிக் சுற்றிய பூங்கொத்துகள், பாதி குடித்த தண்ணீர் பாட்டில்கள், பேப்பர் கப்புகள் எல்லாம் சேர்ந்து தொட்டிகள் அன்றைக்கே நிரம்பி வழிந்தன. திட்டத்துக்கு நல்ல வரவேற்பு என்றார் முதல்வர். மறுநாள் காலை டிராக்டர் வந்து மூன்று நிறத்தையும் ஒரே பெட்டியில் கவிழ்த்துக்கொண்டு போனது.

அடுத்தது உரக்குழி. விடுதிச் சமையலறைக்குப் பின்னால் சிமென்ட் பூசி, மேலே தகரம் போட்டு, ஆங்கிலத்தில் பெயர்ப்பலகையும் வைத்தாயிற்று. உள்ளே போடத்தான் ஒன்றுமில்லை. விடுதியில் மிஞ்சும் சோறு, காய்கறித் தோல், கழனித் தண்ணி எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே சொந்தக்காரர் ஒருவர் இருந்தார்.

அவர் இலத்தூர்ப் பக்கத்துப் பால்காரர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று எருமை வளர்ப்பவர். மீசையும் குரலும் இன்னும் ஓய்வு பெறவில்லை. காலையில் கேனில் பால் கொண்டுவந்து விடுதிக்கும் எங்கள் ஆசிரியர் அறைக்கும் ஊற்றுவார். திரும்பும்போது மிச்சத்தை வாளிகளில் கட்டிக்கொண்டு போவார். அருவித் தண்ணீருக்கு மருத்துவ குணம் உண்டு என்பார்கள். அவருடைய பாலிலும் அந்தக் குணம் கொஞ்சம் இருக்கும். ஆனாலும் டீ குடிக்கும்படி இருந்தது.

அவரை நிறுத்தச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள்.

"அண்ணாச்சி, இனிமே மிச்சத்த நீங்க எடுக்க வேண்டாமாம். குப்பைய வெளிய விடக்கூடாதுன்னு பிரின்ஸ்பால் சொல்லுதாரு."

வாளியைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "குப்பையா? எம் மாடு திங்கது குப்பையா டீச்சர்?"

"நான் சொல்லல அண்ணாச்சி. அவருதான்..."

"சரி. நாளைலேர்ந்து ஒங்க பிரின்ஸ்பாலக் குழியிலயே பால் கறந்துக்கிடச் சொல்லுங்க."

கட்டிய வாளிகளை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு, எனக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். சல்யூட்டில் அத்தனை கெட்ட வார்த்தை இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாளிலிருந்து பாக்கெட் பால். குப்பையைக் குறைக்க வந்த திட்டம் தினமும் ஒரு சாக்குப் பால் கவரைப் பெற்றெடுத்தது. அவற்றை நீலத் தொட்டியில் போடுவதா சிவப்பில் போடுவதா என்று குழுக் கூட்டத்தில் விவாதித்தோம். நாங்கள் முடிவெடுப்பதற்குள் குரங்குகள் எடுத்துவிட்டன. கவர்கள் ஒவ்வொன்றாக வேப்பமரக் கிளைகளில் தொங்கின.

குழிக்குள் சோற்றுக்குச் சம அளவு காய்ந்த சருகும் போட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். வளாகம் துப்புரவாகத் தெரிய வேண்டும் என்று சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்த உத்தரவு போட்டிருந்ததும் முதல்வர்தான். அந்த நேரம் பார்த்து சாரல் தொடங்கியது. குற்றாலத்துச் சாரலுக்குத் தகரக் கூரை ஒரு பொருட்டே இல்லை, அது பக்கவாட்டில் வரும். குழி நிறையச் சாம்பார் மிதந்தது. விடுதிப் பிள்ளைகள் ஒரு கையால் மூக்கைப் பொத்தி மறு கையால் சாப்பிட்டார்கள். மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கி வந்து குழியைக் கிளறிவிட்டுப் போனது. சீசன் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். முதல்வர் அறை குழிக்கு நேர் கிழக்கே.

ஊதுபத்திப் புகைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். "உரம்னா மண்வாசனை வரும்னு யூடியூப்ல சொல்லுதாங்களே மேடம்?"

"அதுல சாம்பார் ஊத்தமாட்டாங்க சார்" என்றேன்.

தரச்சான்றுக் குழு வரும் நாள் நெருங்கியது. முதல்வரே காரை எடுத்தார், என்னையும் ஏற்றிக்கொண்டார். இலத்தூரில் எருமைகள் அணிவகுப்பில் நிற்பதுபோல் வரிசையாக நின்றன. பால்காரர் எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். கெட்டியான டீ, ஏடு மிதந்தது. எங்களுக்கு இத்தனை நாள் ஊற்றியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல்வரின் முகத்தில் தெரிந்தது. வந்த வேலையை நினைத்து அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அண்ணாச்சி, பழையபடி வந்து எடுத்துக்கிட்டீங்கன்னா..." என்று இழுத்தார் முதல்வர்.

"ஐந்தருவில ஓட்டல்காரங்க இப்பம் நெறைய தாராவ சார். எனக்கு ஒங்க சோறு தேவைப்படல."

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் எருமையைப் பார்த்தேன்.

"பாக்கெட் பால்ல எங்களுக்கு டீயே எறங்கல அண்ணாச்சி" என்றேன். அதில் அவர் கொஞ்சம் இளகினார்.

"வாரேன். ஆனா குப்பை எடுக்க வான்னு யாரும் சொல்லப்பிடாது. தீவனம்னு சொல்லணும்."

"தீவனம்" என்றார் முதல்வர்.

"கேக்கல."

"தீவனம்!" என்று உரக்கச் சொன்னார் முனைவர் பட்டம் பெற்றவர். எருமை ஒன்று திரும்பிப் பார்த்தது. காரில் திரும்பும் வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டேன். சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.

குழியில் மண்ணைக் கொட்டி மேலே குரோட்டன்ஸ் நட்டோம். குழுவினர் வந்த அன்று பால்காரர் வாளி கட்டுவதைப் படம் எடுத்தார்கள். அவர் சிரிக்க மறுத்துவிட்டார். கால்நடை வழி உயிரியல் மறுசுழற்சி என்று முதல்வர் விளக்கினார். முன்மாதிரித் திட்டம் என்று பாராட்டிவிட்டு, அவர்கள் துண்டோடு அருவிக்குப் புறப்பட்டார்கள்.

இப்போது மற்றக் கல்லூரிகள் இதைப் பற்றிப் பேச முதல்வரை அழைக்கின்றன. போன வாரம் கடையம் பக்கத்தில் ஒரு கல்லூரி. படங்களைத் திரையில் ஓட்ட நானும் போயிருந்தேன். பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், அந்தப் பால்காரர் பல வருசமா இதத்தானே செஞ்சிக்கிட்டு இருந்தாரு? நீங்க புதுசா என்ன குடுத்தீங்க?"

முதல்வர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"விழிப்புணர்வு" என்றார். அரங்கம் கைதட்டியது.