ஞானசுந்தரியின் நூல் செலவு

பதினோரு வருடம் ஞானசுந்தரி துணிக்கடை பச்சமுத்துவுக்குப் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்தாள். துணி அவனுடையது. மெஷின், நூல், ஊசி, கரண்டு எல்லாம் அவளுடையது. உத்திரமேரூரில் இரண்டே அறை உள்ள வாடகை வீடு. பெரிய அறையை மெஷினுக்கு விட்டுவிட்டு, சின்ன அறையில் அவளும் மகள் ஏஞ்சலும் படுத்துக்கொண்டார்கள்.

ஒரு டிரவுசருக்கு இருபத்திரண்டு ரூபாய் கூலி. ஏற்றிக் கேட்கும்போதெல்லாம் பச்சமுத்து கடையில் பத்துப் பேர் முன்னால் ஒன்றையே சொல்வான்.

"வூட்ல குந்திக்கினு தைக்கிறவளுக்கு இன்னாமே செலவு? ஃபேனைப் போட்டுக்கினு, சீரியல் பாத்துக்கினு தைக்கிற. கடைக்கு வாடகை கட்றவன் நானு."

கடையே சிரிக்கும். அவள் சிரித்ததில்லை. மறந்ததும் இல்லை.

இந்த மே மாதம், அரசிடமிருந்து மாதாமாதம் வந்த ஆயிரம் ரூபாய் உதவித்தொகை நின்றது. தாலுகா ஆபீசில் கேட்டால், "உன் பேர்ல வருசத்துக்கு அஞ்சே முக்கால் லட்சம் வருமானம் காட்டுதும்மா" என்றார்கள். அவள் ஒரு வருடத்தில் ஒன்றரை லட்சத்தைக்கூடக் கண்டதில்லை.

பஜாரில் வருமான வரிக் கணக்குப் போட்டுத் தரும் முஸ்கானிடம் ஓடினாள். முஸ்கான் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பச்சமுத்து உங்களுக்குக் கூலி குட்த்ததா இத்தினியும் காட்டிக்கிறாருக்கா. அதைத் தன் லாபத்துல செலவாக் கழிச்சிக்கினாரு. வெத்து வவுச்சர்ல கையெழுத்து எதுனா போட்டீங்களா?"

போட்டிருந்தாள். வருடா வருடம் தீபாவளிப் புடவையோடு, ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சர் கட்டு ஒன்றையும் நீட்டுவான்.

"சரி, இது தப்புன்னு வரி ஆபீசுக்கு இங்கருந்தே பதில் அனுப்பலாம். நெஜமா வந்த பணத்துக்குத் தனியா கணக்குக் காட்டுவோம். அதுல நூலு, ஊசி, மெஷின் ரிப்பேரு, மெஷினுக்கு ஆன கரண்டு, அந்த ரூம் வாடகை எல்லாம் கழிச்சிக்கலாம்."

"வூட்டு வாடகையவா?"

"தொழில் நடக்கிற ரூமுக்கு உண்டுக்கா. ஆதாரம்தான் வோணும்."

ஞானசுந்தரிக்குச் செலவே இல்லை என்றவன், அவளையே செலவாக எழுதியிருக்கிறான்.

பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை முஸ்கானிடம் போய்ப் பதிலை அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து பச்சமுத்துவுக்குப் போன் போட்டாள்.

"என் வருமானம் எவ்ளோன்னு தாலுகா ஆபீஸ்ல கேக்குறாங்கோ மொதலாளி. வூட்டாண்ட வா."

கால் மணி நேரத்தில் வண்டி வாசலில் நின்றது.

"தங்கச்சி, ஏதோ நடந்து போச்சி. அந்தத் தொகை அப்டியே இருக்கட்டும். கேட்டா, வாங்கினேன்னு சொல்லு. இனிமே டிரவுசருக்கு முப்பது ரூபா."

"பதினோரு வருசமா 'இன்னாமே'. இன்னிக்குத் தங்கச்சி ஆய்ட்டனா?" ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள். "எழுது. நூலு, ஊசி, கரண்டு, ரூமு எல்லாம் ஞானசுந்தரி சொந்தச் செலவு, நான் குட்த்தது துணியும் கூலியும்தான்னு எழுதிக் கையெழுத்துப் போடு. அப்பறம் பேசலாம்."

இவ்வளவுதானா என்று அவன் முகம் தெளிந்தது. மெஷின் மேலேயே வைத்து மளமளவென்று எழுதினான். அவள் இரண்டு முறை படித்துப் பார்த்து, மடித்து பைபிளுக்குள் வைத்தாள்.

"அந்தப் பணம் எனுக்கு வரலன்னு வரி ஆபீசுக்குக் காலைலயே அனுப்பிட்டேன் மொதலாளி."

பச்சமுத்து கத்தினான்.

"அடிப்பாவி! இனிமே ஒரு துண்டுத் துணி உனுக்கு வராது. சுத்துப்பட்டுல ஒருத்தன் தர மாட்டான். எடு என் மூட்டைய! திங்கக்கெயம ஸ்கூல் தொறக்குது."

மூட்டை மூலையில் தயாராக இருந்தது. நூற்றிருபது டிரவுசர். செவ்வாய்க்கிழமையே தைத்து முடித்தவை. முடிச்சை அவிழ்த்தான். முன்துண்டு தனி, பின்துண்டு தனி, பாக்கெட் தனி. முழுதாக ஒன்றுகூட இல்லை. இரண்டு நாளாக அம்மாவும் மகளும் உட்கார்ந்து பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்திருந்தார்கள். துணியில் ஒரு கீறல் கிடையாது.

"இன்னாடி பண்ணி வெச்சிக்கீற?"

"துணி உன்னுது, எண்ணி எட்த்துக்கோ. கூலி வோணாம். நூலு என்னுது. இப்பதான நீயே எழுதிக் குட்த்த?"

அவன் துண்டுகளை அள்ள, அவை நழுவி நழுவித் தரையில் விழுந்தன. நெற்றியில் வேர்வை வழிந்தது. ஞானசுந்தரி எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டினாள்.

"பொறுமையா குந்திக்கினு எண்ணு மொதலாளி. ஃபேனுக்கு ஆவுற கரண்டு என் செலவு."