தானே நின்ற மிஷின்

திருப்பாலைக்குடிக் கரையில் எங்கள் ஃபைபர் படகின் உடைந்த விளிம்பை அறுக்க வந்தவர் அவர். புருவம் வரை வெள்ளைத் தூசி. நான் வாடகைக்கு எடுத்துக் கொடுத்த கட்டிங் மிஷின் நின்றுபோனால், உள்ளங்கையால் அதன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு மறுபடி போடுவார்.

மதியம் பிளேடு சிக்கி, மிஷின் துள்ளியது. அவர் தொடைக்கு நேரே வந்து தானே அணைந்தது.

“சனியன், திரும்பவும் நின்னுருச்சு!” என்று கையை ஓங்கினார்.

மிஷினை வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அடிக்காதீங்கண்ணே. பிடி தப்புனா தானா நிக்கிற மிஷினாம் இது. இல்லாட்டி இந்நேரம் உங்க தொடை...”

ஓங்கிய கை அப்படியே நின்றது.

“அப்ப காலைல இருந்து நின்னதெல்லாம்?”

எனக்குக் காலையிலிருந்து கேட்ட அடிச்சத்தங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தன.