பிரேக் பணம்

ஆழத்தைக் கண்டு பயப்படாத மனிதர் என் மாமா. அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, காலுக்குக் கீழே பத்து மாடிப் பள்ளம் இருட்டில் வாயைப் பிளந்து கிடக்க, எஃகு வடத்தில் இழை எதுவும் நைந்திருக்கிறதா என்று துணி சுற்றிய கையால் தடவிப் பார்ப்பது அவர் தொழில். "தலை சுத்தாதா மாமா?" என்று ஒருமுறை கேட்டேன். "பள்ளத்தப் பாத்தா சுத்தும். நான் எதுக்கு அதப் பாக்குறேன்? வடத்தப் பாப்பேன். வடம் நல்லாருந்தா பள்ளம் சும்மா ஒரு இருட்டு, அவ்ளோதான்" என்றார்.

அப்படிப்பட்டவரை ஒரு கைப்பேசி ஆட்டிவைத்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மண்வெட்டி பிடித்த கைகளுக்குப் பிறந்து பேனா பிடிக்கிற வேலைக்கு வந்தவன் என்பதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. வேலை கிடைத்து இந்த நகரத்துக்கு வந்தபோது அக்கா வீட்டு முன்னறையில் எனக்குப் பாய் விரித்தார்கள். இரண்டே அறை. அக்கா, மாமா, பள்ளிக்கூடம் போகிற பாப்பா, நான். உள்ளறையில் யாராவது பெருமூச்சு விட்டால் சமையல்கட்டு வரைக்கும் கேட்கும்.

கடன் வந்தது பாப்பாவால். குடல்வால் வீங்கி, பிள்ளை சுருண்டு கிடந்த அன்று, "முன்பணம் கட்டினாத்தான் தியேட்டருக்குள்ள எடுத்துட்டுப் போவாங்க" என்று மருத்துவமனைக் காசாளர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து சொன்னார். வீட்டில் வழித்துத் துடைத்தும் கால்வாசி தேறவில்லை. கம்பெனி வாசலில் எவரோ கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த கிரெடிட் கார்டு ஒன்று மாமாவின் பையில் உறையோடு கிடந்தது. அதைத் தேய்த்தார். பிள்ளை பிழைத்தாள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் வெறுங்கையோடு நின்ற கொஞ்ச நேரத்தை அக்கா இன்றுவரை மறக்கவில்லை. இப்போதும் மருந்து வாசனை வந்தால் பர்ஸைத் திறந்து பார்த்துக்கொள்வாள்.

அதன்பின் மாதாமாதம் கார்டுக்குப் பணம் கட்டினார் மாமா. தேதி தவறியதில்லை. அவருக்கு அதில் ஒரு கர்வமும் இருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அக்கா, "ரெண்டு வருஷமா கட்டுறீங்களே, இன்னும் எவ்ளோதாங்க பாக்கி?" என்றாள்.

"தெரியல. கட்டச் சொல்லி மெசேஜ்ல ஒரு தொகை வரும். கட்டிடுவேன்."

"மினிமம்னு போட்டிருக்குமா மாமா?" என்று கேட்டேன்.

"ஆமா மாப்ள. அதான."

வங்கிக்குப் போன் செய்து ஒலிபெருக்கியில் போட்டோம். அந்தப் பெண் இனிமையாகத்தான் சொன்னாள். பாக்கி மாமாவின் ஐந்து மாதச் சம்பளம். ஆஸ்பத்திரியில் தேய்த்ததில் முக்கால்வாசிக்கு மேல் அப்படியே நின்றது, கட்டியதில் பெரும்பகுதி வட்டிக்கே போயிருந்தது. அக்காவின் கையில் இருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் வழுக்கி விழுந்தது.

மாமாவின் தவறு அவர் தொழிலில் இருந்து வந்தது. அபார்ட்மென்ட்காரர்கள் லிஃப்ட் கம்பெனிக்கு மாதப் பராமரிப்புக் கட்டணம் என்று ஒரு சின்னத் தொகை கட்டுவார்கள். அதைக் கட்டிவிட்டால் மெஷினைப் பற்றிய கவலை கம்பெனியுடையது. குறைந்தபட்சத் தொகை என்பதையும் மாமா அப்படியே எடுத்துக்கொண்டார். மாதம் ஒரு சின்னத் தொகை கட்டினால் கடன் தன்பாட்டுக்கு ஓடித் தேய்ந்துவிடும் என்று நம்பினார். "ஏமாத்தல, நான்தான் கேக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

கம்பி வெட்டும் குறடால் கார்டு இரண்டு துண்டானது. செலவுகளை இறுக்கினோம். என் பங்கும் சேர்ந்தது. மிச்சம் பிடித்த மொத்தத்தையும் கார்டில் கொட்ட வேண்டும் என்பது மாமாவின் கட்சி, என் கட்சியும் அதுதான். பேங்க் சேமிப்புக்கு வருஷம் முழுக்கத் தருகிற வட்டியைக் கார்டு இரண்டே மாதத்தில் பிடுங்கிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அக்கா கேட்டுக்கொண்டாள். பிறகு மாமாவிடம் திரும்பினாள்.

"ஏங்க, ஓடிட்டிருக்கும்போது கரண்டு போயிடுச்சுன்னா லிஃப்ட்டு கீழ விழுமா?"

"விழாது. பிரேக் பிடிச்சுக்கும். கரண்டு இருக்கிறவரைக்கும்தான் அது விலகி நிக்கும். போச்சுன்னா தானா கவ்விக்கும்."

"பிரேக் இல்லாத லிஃப்ட்டுல பாப்பாவ ஏத்துவீங்களா?"

"என்னம்மா பேசுற நீ!"

"ஒரு மாசச் செலவுக்குப் பணம் தனியா இருக்கணும். கொஞ்சங் கொஞ்சமா சேரட்டும். அது சேர்ந்தப்புறம் மொத்தத்தையும் கடன்ல கொட்டுங்க, நான் வாயத் திறக்க மாட்டேன். கையில ஒண்ணுமில்லாம நாளைக்கு மறுபடி ஒண்ணுன்னா என்ன பண்ணுவீங்க? வெட்டின கார்டை ஒட்டவைப்பீங்களா?"

என் கணக்கு அந்தக் கேள்விமுன் நிற்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் 'பிரேக் பணம்' என்று பெயர். பெரும்பங்கு கார்டுக்கு, சிறுபங்கு பிரேக்குக்கு. வருஷம் திரும்புவதற்குள் கடனில் நாலில் ஒரு பங்கு கரைந்தது, பிரேக் பணமும் ஒரு மாதச் செலவைத் தொட்டுவிடுகிற நிலைக்கு வந்தது. வீட்டில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

அப்போதுதான் மாமாவின் கம்பெனி சம்பளத்தை நிறுத்தியது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பணம் தரவில்லையாம், "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்றார்கள். இரண்டு மாதம் போனது. என் சம்பளம் வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் சரியாக இருந்தது. கார்டுக்கு இரண்டு தவணை தவறியது.

அந்தக் குரல் வர ஆரம்பித்தது. வசூல்காரர். ஒருநாளும் அதட்டியதில்லை. அதட்டியிருந்தால் மாமாவும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார். "வணக்கம் சார். சாப்பிட்டீங்களா சார்?" என்றுதான் தொடங்கும். "இன்னைக்கு எந்த பில்டிங்ல வேலை சார்?" பிறகு, "பாப்பா ஸ்கூல்லேர்ந்து வந்தாச்சா சார்?"

மாமா போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். பஞ்சுக்குள் சிக்கிய வண்டு மாதிரி அது உறுமும். பாப்பா உட்பட எல்லோரும் கேளாததுபோல் இருப்போம். வாசல் கதவை யாராவது தட்டினால் முதலில் விளக்கை அணைத்தோம். ஒருமுறை அது பக்கத்து வீட்டம்மா, கொஞ்சம் புளி கேட்டு வந்தாள். இருட்டில் நின்றிருந்த எங்களைப் பார்த்து, "என்னடி, கண்ணாமூச்சியா?" என்று சிரித்தாள். அக்காவும் சிரித்துவைத்தாள்.

"பிரேக் பணத்த எடுத்துக் கட்டிடலாம்மா. என்னால முடியல" என்றார் மாமா.

"சம்பளமே இல்லாத மாசத்துல பிரேக்கைக் கழட்டச் சொல்றீங்க."

"அவன் பில்டிங்குக்கே வரேங்கிறான்."

இது வேறு பயம். மாமாவின் கையில் நிறையக் கட்டிடங்களின் மொட்டைமாடி சாவியும் மெஷின் அறை சாவியும் இருந்தன. ஆள் இல்லாத பகலில் மாடி மாடியாக நடமாடுகிற வேலை. அவற்றில் பெரிய அபார்ட்மென்ட்டின் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற அதிகாரி, குடியிருப்பவர்களிடம் கைமாற்று வாங்கிய பிளம்பரை ஒரே நாளில் வெளியேற்றியவர். "கடன்காரன் கையில சாவி இருக்கக் கூடாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர். அவர் ஒரு போன் போட்டால் கம்பெனி மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிடும். வராத சம்பளமும் அப்படியே போய்விடும்.

வசூல்காரர் வந்தது அந்தக் கட்டிடத்துக்குத்தான்.

மாமா அப்போது ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் கூரைமேல் இருந்தார். லிஃப்ட் குழி ஒரு பெரிய காது மாதிரி. கீழே யார் எது பேசினாலும் மேலே அப்படியே ஏறி வரும்.

"லிஃப்ட் மெக்கானிக் இருக்காருங்களா?"

"மேல இருக்காரு" என்றார் வாட்ச்மேன்.

"மேலன்னா?"

"மேலன்னா மேலதான். பயப்படாதீங்க, போய்ச் சேரல. லிஃப்ட்டுக்கு மேல நிக்கிறாரு."

"வரட்டும், வெயிட் பண்றேன். அவர்கிட்ட ஒரு சின்ன விஷயம்."

பிறகு செருப்புச் சத்தம். செயலாளரின் குரல். "யாரு? என்ன விஷயம்?"

"அவர் வரட்டும் சார். அவர் எதிர்லயே சொல்றேன்."

மாமாவின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கூரைமேல் நிற்கும்போது போனைத் தொடக் கூடாது என்பது தொழில் விதி. மாமா கையுறையைப் பல்லால் கடித்து உருவினார். பேங்க் செயலியைத் திறந்தார். பிரேக் பணம் மொத்தமும் திரையில் இருந்தது. ஒரு விரல் அழுத்தினால் கார்டுக்குப் போய்விடும், கீழே நிற்கிறவர் சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார். விரல் திரைக்குமேல் நின்றது.

அப்போதுதான் தன் முழங்கையைப் பார்த்தார். மேலே ஏறியதும் முதல் வேலையாகச் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பெட்டி அசையாதபடி நிறுத்த வேண்டும். அமுக்கவில்லை. முழங்கை, பெட்டியை நகர்த்துகிற பொத்தான்களை ஒட்டிச் சாய்ந்திருந்தது. அவருடைய இன்னொரு கை குழிச்சுவரின் இரும்புக் கம்பத்துக்கும் கூரைக்கும் நடுவே இருந்தது, பெட்டி துளி நகர்ந்திருந்தால் நசுங்கியிருப்பார். இத்தனை வருஷத் தொழிலில் ஒருநாளும் செய்யாத பிழை.

"அந்த நிமிஷம் பள்ளத்தப் பாத்துட்டேன் மாப்ள" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். "மொத தடவையா. தல சுத்துச்சு. இந்த ஆளுக்குப் பயந்தே நான் செத்துருப்பேன், பாத்துக்க."

சிவப்புப் பொத்தானை அமுக்கினார். போனை உள்ளே போட்டார். கொஞ்ச நேரம் கூரையிலேயே குந்தியிருந்தார். பிறகு பொத்தானை விடுவித்து, பெட்டியை மெல்ல இறக்கி, ஐந்தாம் மாடிக் கதவைத் திறந்து வெளியே வந்து, படிக்கட்டு வழியாகக் கீழே போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாராம்.

வசூல்காரர் வாய் திறப்பதற்குள் மாமா செயலாளரிடம் பேசினார். "ஐயா, இவரு கார்டுக் கடனுக்கு வந்திருக்காரு. பாப்பா ஆஸ்பத்திரிக்கு வாங்கினது. எங்களுக்குச் சம்பளம் வரல, ரெண்டு தவணை தவறிப்போச்சு. உங்க கட்டிடத்துல ஒருத்தர்கிட்டயும் நான் கை நீட்டல. எங்கிட்டக் கொஞ்சம் சேமிப்பு இருக்கு, அத எடுத்துக் கட்டவும் மாட்டேன். சம்பளம் வந்ததும் தவணையக் கட்டுவேன்."

"சேமிப்பு இருக்கா சார்?" என்றார் வசூல்காரர், சந்தோஷமாக. "அப்புறம் என்ன சார்?"

"அது எங்க சோறு."

செயலாளர் மாமாவின் சாவி வளையத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "சாவியக் குடு."

மாமா வளையத்திலிருந்து சாவிகளைக் கழற்றினார். நகம் வழுக்கி, இரண்டு முறை முயன்ற பிறகுதான் கழன்றது.

"வேலைக்கு வரும்போது வாட்ச்மேன்கிட்ட வாங்கிக்க. போகும்போது குடுத்துட்டுப் போ" என்றார் செயலாளர். கம்பெனிக்குச் சொல்வாரா மாட்டாரா என்று சொல்லவில்லை. வசூல்காரர் பக்கம் திரும்பி, "பேசியாச்சுல்ல? வெளிய போ" என்றார்.

மாமா வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது, தைரியமாகப் பேசினார் என்று அக்கா பாராட்டுவாள் என நான் நினைத்தேன். அவள் முகம் வெளுத்தது.

"சேமிப்பு இருக்குன்னு எதுக்குங்க அந்த ஆள்கிட்டச் சொன்னீங்க? பணம் எந்த பேங்க்ல இருக்கு?"

கார்டு கொடுத்த அதே வங்கியில்தான் இருந்தது. கடன் பாக்கிக்காக அங்கேயே இருக்கிற சேமிப்பை முடக்கிவைக்க வங்கிக்கு வழி உண்டு என்று என் அலுவலகத்தில் பேசக் கேட்டிருக்கிறேன். சொன்னேன். அதன்பின் யாரும் சாப்பிடவில்லை. செயலியைத் திறந்து பார்க்கக்கூடப் பயமாக இருந்தது. வேறு கணக்குக்கு மாற்றலாம் என்றால் அக்காவுக்குக் கணக்கே கிடையாது. என் கணக்கோ அதே வங்கியில், அதன்மேலும் கை வைப்பார்களோ என்று பயம்.

காலையில் கதவு திறக்கும் முன்பே மூவரும் வங்கி வாசலில் நின்றோம். கவுன்ட்டரில் இருந்தவர் எண்ணைத் தட்டினார், திரையைப் பார்த்தார், பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஏதோ கேட்டார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

"மொத்தத்தையும் எடுக்குறீங்களா? என்ன, வீட்ல விசேஷமா?"

"ஆமா சார். செலவு இருக்கு" என்றார் மாமா.

பணம் வந்தது. மெல்லிய கட்டுதான். அக்கா அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பக்கமும் காவல்போல் நடந்தோம். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோதெல்லாம் மூவரும் ஒன்றாகச் சுவரோரம் ஒதுங்கினோம். தெருக்கோடியில் வேறொரு வங்கி. அங்கே முதன்முறையாக அக்காவின் பெயரில் ஒரு கணக்கு பிறந்தது. "கையெழுத்து முன்னப்பின்ன இருந்தாப் பரவாயில்லையா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் போட்டாள்.

சம்பளம் பத்து நாள் கழித்து வந்தது. தவறிய தவணைகளை அன்றே கட்டினார் மாமா. வசூல்காரர் அழைத்து நன்றி சொன்னார், பாப்பா சௌக்கியமா என்றார். "கடனப் பத்திக் கேளுங்க, சொல்றேன். என் புள்ளையப் பத்திக் கேக்காதீங்க" என்று மாமா போனை வைத்தார்.

செயலாளர் கம்பெனிக்குச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. மேலாளர் கூப்பிடும்போதெல்லாம், இதற்காகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே போகிறார் மாமா. கடனில் பாதி இன்னும் நிற்கிறது. போன வாரம் அக்கா, இரண்டாவது மாதச் செலவுக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும் என்றாள். வட்டிக் கணக்கைச் சொல்ல நான் வாயெடுத்தேன். மாமா என்னைக் கையமர்த்திவிட்டு, "எவ்ளோ எடுத்து வைக்கணும், சொல்லு" என்று அவளிடம் கேட்டார்.